பாட்டின் சுவையைக் கெடுப்பது எம்பி3-யா?

நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாகச் சேர்த்த திரைப்பாடல்களும் கச்சேரிப் பதிவுகளும் எம்பி3 வடிவில் இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஃபிளாக் என்ற இழப்பற்ற வடிவத்துக்கு மாற்றினால் கேட்கும் இன்பம் கூடுமா, சுருக்கப்பட்ட இசை என்பதே குறைபட்ட இசைதானா என்பது உங்கள் கேள்வி. முதல் பாதிக்கு விடை எளிது: கூடாது. எம்பி3 ஆக்கியபோது தொலைந்தது தொலைந்ததுதான். அதை ஃபிளாக்கில் போட்டால் கோப்பு பெருக்குமே தவிர ஒலி திரும்பி வராது. இரண்டாம் பாதிக்குச் சற்று விரிவாகத்தான் விடை சொல்ல முடியும். மூலப் பதிவிலிருந்து நேரடியாக, போதுமான பிட் வீதத்தில் (ஒரு வினாடி இசையை எழுதச் செலவிடும் தரவின் அளவு அது; கிலோபிட்டில் சொல்வார்கள்), ஒரே ஒரு முறை சுருக்கப்பட்ட கோப்பு இசை இன்பத்தைக் கெடுப்பதில்லை என்பதே என் கருத்து. கெடுப்பது பெரும்பாலும் அந்தக் கோப்பு நம் கைக்கு வருமுன் கடந்து வந்த வழிதான். அந்த வழியைக் கோப்பின் பெயரிலுள்ள "320" என்ற எண் நமக்குச் சொல்வதில்லை.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 1982-இல் சந்தைக்கு வந்த சிடிக்காக சோனியும் பிலிப்ஸும் வகுத்த அளவு, வினாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையை அளந்தெடுத்த அளவீடுகள்), ஒவ்வொன்றுக்கும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் வரும். ஃபிளாக் போன்ற இழப்பற்ற முறைகள், அடுத்து வரும் மாதிரி எதுவாக இருக்கும் என்று முந்தைய மாதிரிகளைக் கொண்டு கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி வைக்கின்றன. அதனால் கோப்பு பெரும்பாலும் மூலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையிலான அளவுக்குச் சிறுக்கிறது; விரிக்கும்போது ஒரு பிட் கூட மாறாமல் மூலம் அப்படியே கிடைக்கிறது. ஆகவே ஃபிளாக்குக்கும் சிடிக்கும் ஒலியில் வேறுபாடு கேட்கிறது என்று யாராவது சொன்னால் வாதாடத் தேவையில்லை. 128 கிலோபிட் எம்பி3-யின் கதை வேறு. அது சிடியின் தரவில் பதினொன்றில் ஒரு பங்கை மட்டுமே வைத்துக்கொள்கிறது.

காதுக்குக் கேட்காததை எம்பி3 வெட்டி எறிகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. அது முதன்மையாகச் செய்வது, ஒலியைச் சிறு சிறு அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் உள்ள அளவைத் தோராயமாக எழுதுவது. தோராயமாக எழுதினால் பிழை வரும். அந்தப் பிழை ஒருவகை இரைச்சலாகக் கேட்கும். உரத்த ஒலி ஒன்று இருக்கும்போது அதற்கு அருகிலுள்ள அதிர்வெண்களில் ஒலிக்கும் மெல்லிய ஒலிகளைக் காது கவனிப்பதில்லை. இதை மறைப்பு விளைவு என்கிறோம். உண்டாகும் இரைச்சலையெல்லாம் அந்த மறைவுக்குள் அடங்கும்படி பங்கிட்டு வைப்பதில்தான் சுருக்கும் மென்பொருளின், அதாவது என்கோடரின், திறமை இருக்கிறது. பங்கிட பிட்டுகள் போதாதபோது இரைச்சல் மறைவை விட்டு வெளியே வருகிறது. நாம் கேட்கும் குறைகள் எல்லாம் அப்படி வெளியே வந்தவைதான்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இந்த முறையை உருவாக்கியபோது, அமெரிக்கப் பாடகி சுசான் வேகா பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிய ஒரு பாடலைத் திரும்பத் திரும்பச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் இசையை ஓரளவு சமாளித்த முறை அந்தத் தனிக் குரலில் தடுமாறியது. காரணம் எளிது. குரல் மட்டும் இருக்கும்போது பிழைகளை ஒளித்து வைக்க இடமில்லை. கர்நாடக இசை கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தம்புரா, குரல், அவ்வப்போது வயலின் என்று நகரும் ஆலாபனையும் அதேபோல் மறைவிடம் குறைந்த இசைதான். அதிரும் திரைப்பாடலைவிட அது என்கோடருக்குக் கடினமான பரீட்சை.

தாளவாத்தியத்தில் வேறொரு சிக்கல் உண்டு. எம்பி3 ஒலியை ஏறத்தாழ 26 மில்லிவினாடி நீளமுள்ள துண்டுகளாக எடுத்துத்தான் அதிர்வெண்களாகப் பிரிக்கிறது. தோராயமாக்கலால் வரும் இரைச்சல் அந்தத் துண்டு முழுவதும் சமமாகப் பரவிவிடும். துண்டின் கடைசிப் பகுதியில் கடத்தின் மீது ஒரு விரல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குப் பின்னால் உள்ள இரைச்சலை அடியின் ஓசையே மூடிவிடும். அடிக்கு முன்னால், நிசப்தமாக இருக்க வேண்டிய இடத்தில் பரவியதை மூட ஒன்றுமில்லை. காது பின்னோக்கி மறைப்பது ஒரு சில மில்லிவினாடிகளுக்கு மட்டுமே. அதனால் அடி விழுமுன்பே ஒரு மெல்லிய "ஸ்ஸ்" கேட்கிறது. இதை முன்னெதிரொலி என்பார்கள். தனித்தனியாக அது காதில் படாவிட்டாலும், தனி ஆவர்த்தனத்தில் வேகமான கோர்வை வரும்போது ஒவ்வொரு தாளச்சொல்லின் விளிம்பும் மழுங்கியதுபோல் இருக்கும். மிருதங்கத்தில் சாப்பு கணீரென்று விழாது. இதைத் தவிர்க்க எம்பி3 தேவைப்படும் இடங்களில் துண்டை மூன்றில் ஒரு பங்காகக் குறுக்கிக்கொள்கிறது. பின்னால் வந்த ஏஏசி என்ற சுருக்க முறை எட்டில் ஒரு பங்கு வரை குறுக்குகிறது. அதே பிட் வீதத்தில் தாளவாத்தியம் ஏஏசியில் தெளிவாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். ஐரோப்பிய ஆய்வாளர்கள் இந்தச் சோதனைக்குக் காஸ்டநெட் என்ற மரத்தாளத்தை வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் கடமும் கஞ்சிராவும் இருக்கின்றன. என் அனுபவத்தில் அவையும் சளைத்தவை அல்ல.

தம்புரா படும் பாடு இதற்கு நேர்மாறானது. அங்கே திடீர் அடி எதுவும் இல்லை; தந்திக்கும் பாலத்துக்கும் இடையே வைக்கும் ஜீவா நூலால் எழும் நுண்ணிய மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கிக்கொண்டே இருக்கும். பிட் பற்றாக்குறையில் இருக்கும் என்கோடர், மேல் அதிர்வெண் பட்டை ஒன்றை இந்தத் துண்டில் எழுதும், அடுத்த துண்டில் விட்டுவிடும், மூன்றாவதில் மீண்டும் எழுதும். அப்படி விட்டுவிட்டு வருவது காதில் தண்ணீருக்குள் ஏதோ சலசலப்பதுபோல் விழும். ஜால்ரா, நட்டுவாங்கத் தாளம், கைதட்டல் ஆகியவற்றிலும் இதே சலசலப்புதான். குறைந்த பிட் வீதத்தில் இடம் வலம் என்ற வேறுபாட்டையும் சிக்கனப்படுத்துவதால் அரங்கின் விரிவு சுருங்கி எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்கி உட்கார்ந்து பாடுவதுபோலத் தோன்றும். 64 கிலோபிட்டில் இவை எவருக்கும் கேட்கும். 128-இல், பழைய என்கோடராக இருந்தால், சொல்லிக்கொடுத்தால் கேட்கும். நல்ல என்கோடரில் 192-ஐத் தாண்டினால் குறிப்பிட்ட சில கடினமான இடங்களில் பயிற்சி பெற்ற காதுக்கு மட்டும் கேட்கலாம். 256 ஏஏசி, 320 எம்பி3 ஆகியவற்றை மூலத்திலிருந்து பிரித்தறிபவர்கள் மிகச் சிலர். அவர்களும் எல்லாப் பாட்டிலும் அறிவதில்லை.

குறைந்த பிட் வீதம் பழகிப்போனவர்களுக்கு அதுவே பிடித்துவிடும் என்றும், இளைஞர்களுக்குத் தரம் ஒரு பொருட்டல்ல என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஏற்பதில்லை. அமெரிக்காவில் ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து, எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தபோது, அவர்கள் 128 கிலோபிட் எம்பி3-யைவிடச் சிடித் தரத்தையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, குறை இருந்தால் காது அதை விரும்புவதில்லை. ஆனால் குறை கேட்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதற்கு 2007-இல் மேயர், மோரான் ஆகிய இருவர் வெளியிட்ட சோதனை நல்ல சான்று. சிடியைவிட நுண்ணிய தரமுள்ள பதிவுகளை ஒலிக்கவிட்டு, நடுவில் அவற்றைச் சிடித் தரத்துக்கு இறக்கும் கருவி ஒன்றை இணைத்தும் விலக்கியும் கேட்போரிடம் எது எதுவென்று கேட்டார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அந்த அளவுக்குக் கிடைக்கும்.

உங்கள் காதின் எல்லை எது என்பதை நீங்களே தெரிந்துகொள்ளலாம். சொந்தமாக வாங்கிய சிடி ஒன்றிலிருந்து ஃபிளாக் எடுத்து, அதே ஃபிளாக்கை லேம் என்ற எம்பி3 என்கோடரால் 128, 192, 320 என எம்பி3-களாக்கிக்கொள்ளுங்கள். ஃபூபார்2000 போன்ற இலவச மென்பொருளில் எது எதுவென்று காட்டாமல் மாற்றி மாற்றி ஒலிக்கும் சோதனைக் கருவி கிடைக்கும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உங்களுக்கு வேறுபாடு கேட்கிறது என்று கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அந்த எண்ணை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. இரண்டின் ஒலியளவும் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். அரை டெசிபல் உரக்க ஒலிப்பதை நாம் உரக்க ஒலிக்கிறது என்று உணர்வதில்லை. தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது என்றே சொல்வோம். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகள் பலவற்றை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

கோப்பு கடந்து வந்த வழி என்று மேலே சொன்னதற்கு இனி வருகிறேன். உங்கள் தொகுப்பில் உள்ள குறைகளில் பெரும்பகுதிக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. எம்பி3 சிடிக்கள் தெருவெங்கும் விற்ற காலத்தில் ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு வரை அடைப்பார்கள். 700 மெகாபைட்டில் 128 கிலோபிட் வீதம் போட்டால் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். பிறகு தரவிறக்கத் தளங்கள் வந்தன. 320 என்று போட்டால்தான் ஆட்கள் வருவார்கள் என்பதால் அதே 128 கோப்புகளை விரித்து மீண்டும் 320 ஆக்கி ஏற்றியவர்கள் உண்டு. இன்று யூடியூபிலிருந்து உருவி "320 எம்பி3" ஆக்கிக் கொடுக்கும் தளங்களும் அதையே செய்கின்றன: யூடியூபில் இருக்கும் ஒலியே ஏற்கெனவே ஏஏசியாகவோ ஓபஸாகவோ இழப்புடன் சுருக்கப்பட்டதுதான். ஒவ்வொரு சுருக்கமும் முந்தைய சுருக்கத்தின் பிழைகளையும் இசை என்றே எண்ணி அவற்றுக்கும் பிட்டுகளைச் செலவழித்து, தன் பங்குக்குப் புதிய பிழைகளைச் சேர்க்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அத்தகைய கோப்பின் அதிர்வெண் நிறமாலையைத் திறந்து பார்த்தால் 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் மேல்பகுதி வெறுமையாக இருக்கும்; பழைய 128-இன் தடயம் அது. நடுவயதைத் தாண்டிய பலருக்கு அந்த அதிர்வெண்ணே கேட்காது என்பதால் வெட்டு தானே பெரிய இழப்பல்ல. வெட்டுக்குக் கீழே, நமக்கு நன்றாகக் கேட்கும் பகுதியில், 128-இன் தோராயங்கள் அனைத்தும் 320 என்ற பெயரில் இருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். ஒரு எச்சரிக்கை: 1950-களின் பதிவுகளில் அந்த உயரத்தில் ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் எதுவும் இராது, அவற்றை இந்த அளவுகோலால் குற்றம் சாட்டக்கூடாது.

கச்சேரிப் பதிவுகளின் வழி இன்னும் நீளமானது. சபாவிலோ வானொலியிலிருந்தோ கேசட்டில் பிடித்தது. அதிலிருந்து இன்னொரு கேசட். இணையம் மெதுவாக இருந்த நாட்களில் அதை 32 அல்லது 64 கிலோபிட்டில் ஏற்றியது. பிறகு வேறொருவர் அதை எடுத்து "சுத்தம் செய்து" மீண்டும் எம்பி3 ஆக்கியது. கேசட்டின் இரைச்சல் என்கோடருக்கு மிகவும் விலை உயர்ந்த பொருள். சீரான சுருதியைச் சில எண்களில் எழுதிவிடலாம். எந்த ஒழுங்கும் இல்லாத இரைச்சலைச் சுருக்கவே முடியாது. ஆகவே குரலுக்குச் சேர வேண்டிய பிட்டுகளை "ஸ்ஸ்" என்ற இரைச்சல் தின்றுவிடுகிறது. இதைத் தவிர்க்க இரைச்சல் நீக்கியை முழு வலிமையில் ஓட்டினால், அது இரைச்சலோடு தம்புராவையும், வயலின் வில் நரம்பில் உரசும் காற்றோசையையும், அரங்கின் மூச்சையும் சேர்த்து எடுத்துவிட்டு, மிஞ்சியதில் தானும் ஒரு சலசலப்பை விட்டுச் செல்கிறது. அதன்பின் சுருக்கம். அப்படிப்பட்ட பதிவில் கேட்கும் குறைக்கு எம்பி3 மீது பழி போடுவது நியாயமாகாது. இரைச்சலுடன் கூடிய பழைய பதிவில் சில நிமிடங்களில் காது இரைச்சலைத் தானே ஒதுக்கிவிட்டுப் பாட்டுக்குள் போய்விடும். அளவுக்கு மீறிச் சுத்தம் செய்த பதிவில் அது முடிவதில்லை, ஏனென்றால் அங்கே குறை பாட்டோடு ஒட்டிக்கொண்டு கூடவே ஏறி இறங்குகிறது.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கும் வழக்கத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கோப்பின் அளவைக் குறைப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மெல்லிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களை அமுக்கி, முழுப் பாட்டையும் ஒரே உரப்பில் நிறுத்தும் வேலை இது. 1990-களிலிருந்து உலகெங்கும் பாட்டுகள் இப்படி உரத்துக்கொண்டே போயின. மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 2008-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. சிடியில் வந்த ஒலி அளவுக்கு மீறி அமுக்கப்பட்டுக் கரகரத்தது. அதே பாட்டுகள் ஒரு வீடியோ விளையாட்டுக்காகத் தனியே கொடுக்கப்பட்டபோது அவ்வளவு அமுக்கப்படாமல் இருந்ததால், ரசிகர்கள் சிடியை விட்டுவிட்டு விளையாட்டிலிருந்து எடுத்த பதிவைத் தேடிப் போனார்கள். ஒரு பிட் கூட இழக்காத சிடிதான் அங்கே தோற்றது. இப்படி அமுக்கிய பாட்டை ஃபிளாக்கில் வாங்கினாலும் அமுக்கியதே கிடைக்கும். இன்று ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்கு இறக்கிவிடுவதால் உரக்கப் போடுவதில் ஆதாயம் போய்விட்டது. ஆனாலும் பழக்கம் முழுவதும் விடவில்லை.

புளூடூத் ஹெட்ஃபோனாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் ஃபிளாக்கையே ஒலிக்கவிட்டாலும் தொலைபேசி பெரும்பாலும் அதை இழப்புடன் சுருக்கித்தான் காற்றில் அனுப்புகிறது; எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் அது வழக்கமாக 328 கிலோபிட் வரைதான். பேருந்தில் கேட்கும்போது இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே எஞ்சின் செய்யும் மறைப்பை எந்த என்கோடரும் செய்ய முடியாது.

இன்பத்தைப் பற்றிக் கேட்டதால், சுருக்கம் கொடுத்ததையும் சொல்வது நேர்மை. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். அந்தக் கால வித்வான்கள் ஆலாபனையையும் கிருதியையும் அதற்குள் அடக்கினார்கள். நெடுநேர இசைத்தட்டில் இருபது நிமிடத்துக்கு மேல் சிறிதே கூடுதல். கேசட்டில் முப்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போட வேண்டும், பல்லவி நடுவில் பக்கம் முடிந்துபோகும். மூன்று மணி நேரக் கச்சேரியை வர்ணத்திலிருந்து மங்களம் வரை இடையில் எழுந்திருக்காமல் கேட்பது எம்பி3-யால்தான் சாதாரணமாயிற்று. அங்கும் ஒரு முள் உண்டு: எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெறுமை சேர்ந்துவிடும். கச்சேரியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தால், நிரவலிலிருந்து ஸ்வரத்துக்குப் போகும் இடத்தில் ஒரு நொடிப்பொழுது ஓட்டம் அறுந்து தாளம் தடுக்கும். பிட் வீதத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை; எனக்கோ 192-க்கும் 320-க்கும் உள்ள வேறுபாட்டைவிட இதுவே பெரிய தொந்தரவு. லேம் என்கோடர் அந்த வெறுமையின் அளவைக் கோப்பிலேயே குறித்து வைக்கிறது. அதைப் படித்து இடைவெளியை நீக்கும் பிளேயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இனி உங்கள் தொகுப்புக்கு வருவோம். இருக்கும் எம்பி3-களைத் தொடாதீர்கள். எந்த வடிவத்துக்கும் மாற்றாதீர்கள். அடிக்கடி கேட்கும், மனத்துக்கு நெருங்கிய பாட்டுகளை மட்டும் சிடியிலிருந்தோ இழப்பற்ற தரத்தில் விற்கும் இடத்திலிருந்தோ புதிதாகப் பெறுங்கள். வாங்கும்போது "புதுப்பிக்கப்பட்டது" என்ற பதிப்பைவிட, கிடைத்தால், முதல் சிடிப் பதிப்பைத் தேடுங்கள், ஏனென்றால் புதுப்பித்தல் பல நேரங்களில் உரப்பைக் கூட்டியதாகவே இருக்கிறது. தொலைபேசியில் வைத்துக்கொள்ள அவற்றிலிருந்து 128 அல்லது 160 கிலோபிட் ஓபஸோ 256 ஏஏசியோ எடுத்துக்கொள்ளலாம். தனி ஆவர்த்தனத்துக்கும் அவை போதும்.

வீட்டில் கேசட்டுகள் இருந்தால் அவற்றை எண்ணிமமாக்குவதுதான் அவசரம், ஏனென்றால் நாடா ஆண்டுதோறும் நலிகிறது. நாடாவைப் படிக்கும் ஒலிமுனையைத் துடைத்து அதன் சாய்வைச் சரிசெய்யுங்கள். உயர் அதிர்வெண்களில் பல சுருக்க முறைகளைவிட அதிகமாகத் தின்பது சாய்வு தவறிய ஒலிமுனைதான். 24 பிட்டில் பதிந்து, எந்தச் சுத்தமும் செய்யாமல் ஃபிளாக்காக வையுங்கள். இரைச்சல் நீக்குவதானால் அதன் நகலில் நீக்குங்கள். பகிர்வதற்குச் சுருக்கும்போது, பதிவு ஒற்றைத் தடமாக இருந்தால், இரண்டு தடங்களையும் கலந்து ஒன்றாக்கிய பிறகு சுருக்குங்கள். கேசட்டின் இரு தடங்களிலும் பாட்டு ஒன்றாகவே இருந்தாலும் இரைச்சல் வெவ்வேறாக இருக்கும். அந்த வேறுபாட்டை எழுதுவதற்கே என்கோடர் பிட்டுகளைக் கொட்டும். கலக்கும்போது பாட்டு வலுப்பட்டு இரைச்சல் மூன்று டெசிபல் அளவுக்குத் தாழும். மத்திய அலை வானொலியிலிருந்து பிடித்த கச்சேரியில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை என்பதால், அதற்கு ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட்டே ஏறத்தாழ நிறைவாகப் பொருந்தும்.